இருமல் இல்லை

மழைக்குப் பயந்து காலையிலேயே எல்லாச் சன்னல்களையும் சாத்தியிருந்தார் சுப்பையன். ஆனாலும் கூடத்துக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியின் மேல் பொடிப்பொடியாய்க் கரி விழுந்திருந்தது. உதறினார். மறுபடி விழுந்தது. ரப்பர் பாளம் புகையில் வேகும் அந்தப் புளித்த நெடி, ஈரச் சுவரிலிருந்து கசிவதுபோல மெல்ல எழுந்து, மூக்கில் ஏறித் தொண்டையில் படிந்தது. காஜா பெராங் சாலையிலிருந்த புகைக்கூடமோ மெர்டேக்கா சுதந்திர நாள் கொண்டாட்டத்துக்காக நான்கு நாளாய் மூடிக் கிடந்தது. மனைவி ஜெயா கிளேபாங்கில் தங்கை வீட்டில் இருந்தாள். வீட்டில் அவர் மட்டும்தான்.

அந்தப் புகையை நினைத்தாலே அவருக்கு உடம்பு கூசும்.

அவர் சுகாதார ஆய்வாளர். புகைக்கூடத்தின் பின்சந்தில் இருக்கும் பன்னிரண்டு வீடுகளுக்கும் போய், யார் இருமுகிறார்கள், எத்தனை மாதமாக, சளியில் கறுப்பு உண்டா என்று கேட்டு, அந்தக் காற்றில் குடியிருப்பது ஆபத்தா என்று எழுதித் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு முன், வெயிலுக்குச் சோம்பி, கோப்பிக் கடையில் உட்கார்ந்தே பன்னிரண்டு படிவங்களையும் நிரப்பினார். இருமல் இல்லை. இருமல் இல்லை. அதை நம்பி மேலிடம் புகைக்கூடத்தை மூடாமல் விட்டுவிட்டது.

ஒரு வாரத்தில் ஏழாவது வீட்டுச் சாரதாம்பாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆப்பீசுக்கே வந்தாள்.

“எங்க வீட்டுக்கு நீங்க வரவே இல்லையே, ஐயா?”

“வந்தேம்மா. நீங்கதான் இல்ல.”

“நான் எங்கங்க போவேன்? வாசல் தாண்டினாலே மூச்சு முட்டுது.”

குமாஸ்தாக்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சுப்பையன் பேனாவைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்தார். அவள் போகும்வரை நிமிரவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே அவள் செத்துப்போனாள். பிறகு சந்திலிருந்து மேலும் சவப்பெட்டிகள் போயின. சிலது முழ நீளம்தான்.

இருட்டத் தொடங்கியது. மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம். இருமல். தெருவிலா? இல்லை. வாசற்படியில்.

கதவு தட்டப்பட்டது.

“உங்களுக்கு எதுக்கு அலைச்சல், ஐயா? நாங்களே வந்துட்டோம்.”

திறக்காதே என்றது புத்தி. ஆனால் இன்னொரு முறை அவளிடமிருந்து ஒளிய அவருக்கு வெட்கமாக இருந்தது. தாழ்ப்பாளை நீக்கினார்.

சாரதாம்பாள். கொட்டுகிற மழையில் நனையாமல். அவளுக்குப் பின்னால் வரிசையாய் ஆணும் பெண்ணும், இடுப்பில் பிள்ளைகளும். ஒரு முகம்கூட அவருக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்திருந்தால் அல்லவா தெரியும்.

“மன்னிச்சிரும்மா,” என்றார்.

“அது கெடக்கட்டும். இப்பவாச்சும் பாருங்க.”

அவர் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள். சுட்டது. உள்ளே துடிப்பு இல்லை. ஈர விறகு வெடிக்கும் ஓசை. கையை இழுத்தார். வரவில்லை.

அவள் வாயைத் திறந்தாள். புகை வந்தது, அவசரமில்லாமல். பின்னால் ஒரு கைப்பிள்ளை வாயைத் திறந்தது. அடுத்தவன். அடுத்தவள். வரிசை முழுவதும்.