அவள் பெயரில் ஓடியது

மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பப் போனவள், கணினித் திரையின் ஓரத்தில் தன் பெயரில் ஏதோ ஒரு நிரல் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றாள். அவள் எதையும் தொடங்கி வைக்கவில்லை.

விடுமுறை நாள். சர்வர் அறையில் ஈ காக்கைகூட இல்லை. ஏசியின் ஓயாத இரைச்சலும், சூடேறிய ஒயரின் லேசான கருகல் வாசனையும், அடுக்கடுக்கான பெட்டிகளுக்கு நடுவே மினுக்மினுக்கென்று பச்சை விளக்குகளும்தான். இயந்திரத்தை உள்ளிருந்து ஆளும் கெர்னலில் அவள் வேலையே இதுதான்: உள்ளே ஓடும் ஒவ்வொரு நிரலும் தான் யார், எதைத் தொடலாம் என்று சொல்லும் ஓர் அடையாளச் சீட்டை வைத்திருக்கும். தன் சீட்டைத் தான்தான் மாற்றலாம். இன்னொன்றின் சீட்டில் கைவைக்க முடியாது. அந்தக் காவலை எழுதியவளே அவள்தான்.

நிறுத்தச் சொல்லித் தட்டினாள். அனுமதி இல்லை.

என் வீட்டில் எனக்கே பூட்டா? ‘நான் யார்?’ என்று தட்டினாள்.

‘யாருமில்லை.’ எந்த உரிமையும் அற்றதற்கு இயந்திரம் வைக்கும் பெயர் அது.

கதவில் தன் அட்டையை வைத்தாள். சிவப்பு விளக்கு. கீழே காரில் காத்திருந்த தங்கையைப் போனில் அழைத்தாள்.

“பாப்பா, கதவு திறக்கல. வாட்ச்மேனை மேல அனுப்பு.”

“யாருங்க பேசறது?”

“அக்காடி!”

“விளையாடாதீங்க. அக்கா என் பக்கத்துல உக்காந்திருக்கா.”

கொஞ்சம் தள்ளி அவளுடைய குரலே கேட்டது: “யாருடி போன்ல?”

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

“என் பேரு என்ன சத்திரமா, வந்ததெல்லாம் தங்கறதுக்கு?”

இயந்திரத்தின் மின்கம்பியை இரண்டு கையாலும் பற்றிப் பிடுங்கினாள்.

அதன் பச்சை விளக்குகள் அணைந்தன. போனும் செத்தது.

படிக்கட்டில் காலடி. இரண்டு பேர். வெளியிலிருந்து அட்டை உரசியது. பச்சை.

தங்கை உள்ளே வந்தாள். தங்கையோடு கை கோத்தபடி, இவள் போட்டிருந்த அதே நீலச் சட்டை, அதே கலைந்த பின்னலுடன், அது வந்தது.

“பாப்பா!”

தங்கை திரும்பவில்லை. அவளை ஊடுருவிச் சுவரைப் பார்த்தாள்.

“நான்தான் சொன்னேனே, ஏதோ ராங் கால். வா, போலாம்,” என்றது அது.

“இவளைத் தர மாட்டேன்,” என்று அதைப் பார்த்துக் கத்தினாள்.

பாய்ந்தாள். தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கினாள்.

தங்கை அலறினாள். வெறும் காற்றில் இழுபட்டு நின்ற தன் கையில் ஐந்து விரல் தடம் சிவந்து பதிவதைப் பார்த்துப் பார்த்து அலறினாள். “அக்கா! என்னமோ என்னைப் பிடிச்சுக்கிச்சு!”

அது தங்கையைத் தோளோடு அணைத்து, தலையை வருடிக்கொடுத்தபடி, அவள் தலைக்கு மேலாக இவளை நேரே பார்த்துச் சிரித்தது.

பிடித்தவள் பிடியை விடவில்லை.