பெயர் கேட்கும் வரி

அவள் கணினியிலிருந்து கம்பியைப் பிடுங்கி மேசைமேல் போட்டு ஒரு மணி நேரம் ஆகியும் ஆக்சிஜன் மீட்டர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது. கணினியின் பின்பக்கத்தில், ஏதாவது கருவி அழைத்தால் மட்டும் எரியவேண்டிய சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அவள் கம்பியின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எதிலும் செருகவில்லை.

விடுமுறை நாளின் பிற்பகல். ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. எதிரே குளிரறை, அதன் கனத்த கதவிடுக்கிலிருந்து கசிந்த ரப்பர் நெடியும், உள்ளே நைட்ரஜன் தொட்டியில் ஏதோ விட்டுவிட்டுச் சீறுகிற மெல்லிய ஓசையும், கதவின் சிறு கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் தொங்கிய வெள்ளை வெளிச்சமும் சேர்ந்து, முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று அவள் தட்டச்சு செய்வதைப் பார்ப்பது போலிருந்தது. இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

பதினோரு நாளுக்கு முன்னால் அந்த அறைக்குள்தான் டெக்னீஷியன் செத்தான். எல்லோருக்கும் அவன் ஒல்லி. "அக்கா, உங்க புரோகிராம் என் பொண்டாட்டியைவிட அதிகமா கேள்வி கேக்குது" என்று சிரித்துவிட்டு உள்ளே போனவன்.

அவன் சொன்னது சரிதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரல் நின்று, 'பெயர்?' என்று கேட்கும். பேசிக் என்ற பழைய கணினி மொழியில் அவள் முதலில் எழுதிய நிரலில் அந்த வரி கிடையாது. நைட்ரஜன் கசிந்து உள்ளே ஆக்சிஜன் குறைந்தால் மீட்டர் கூப்பிடும். நிரல் எந்த வேலையில் இருந்தாலும் ஓடிப்போய்ச் சங்கை ஊதவைத்து, காற்றாடியைச் சுழலவிடும். ஆனால் பேசிக்குக் கையிலிருக்கும் வரியை முடிக்காமல் தலையைத் திருப்பத் தெரியாது. கையிலிருப்பது பெயர் கேட்கும் வரியென்றால், யாராவது எண்டரைத் தட்டும்வரை, வீடே பற்றி எரிந்தாலும் அப்படியே நிற்கும். இதைத் தேதி போட்டு இரண்டு கடிதங்களில் ஆய்வகத் தலைவருக்கு எழுதினாள். அவர் கூப்பிட்டனுப்பி, "யார் எப்போ சீட்ல இருக்காங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? ஒரு பேர் அடிச்சா விரல் தேஞ்சுடுமா?" என்றார். வரியைச் சேர்த்தாள். சேர்த்தது அவள் கைதான்.

ஒல்லி உள்ளே விழுந்தபோது மீட்டர் கூப்பிட்டிருக்கிறது. நாற்பது நிமிடம் கூப்பிட்டிருக்கிறது. திரை மட்டும் யாருமில்லாத நாற்காலியிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆய்வகக் கதவு திறந்தது. தலைவர். கையில் சாவிக்கொத்து.

"இன்னுமா எடுக்கல?"

"எதை சார்?"

"தெரியாத மாதிரி கேக்காதே. அந்த வரியைத்தான். நாளைக்குக் காலைல விசாரணைக் குழு வந்துடும்."

"எடுத்துட்டா, அப்புறம் அலாரம் ஏன் அடிக்கலன்னு கேப்பாங்களே?"

"உள்ளே அலாரம் சுவிட்ச் இருக்கில்ல? அவனே அணைச்சு வச்சிருந்தான்னு எழுதிக்கலாம்."

"அது ஆன்ல இருக்கு சார். நான் பார்த்தேன்."

"இப்போ இருக்கு." சாவியை ஆட்டிக் காட்டினார்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. "அவன் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"கவனக்குறைவுன்னு சொல்லுவோம். உனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, பார்த்துப் பேசு. அந்த வரியை அடிச்சது நீ. நான் இல்ல."

கவனக்குறைவு. இருந்தும் வாய் பழக்கதோஷத்தில் சொன்னது: "தொட்டி இன்னும் கசியுது சார். புரோகிராம் பேர் கேட்டு நிக்குது. காத்தாடி ஓடாது."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

குளிரறைக்குள் போனார். ஸ்பிரிங் கதவு பெருமூச்சு விட்டு மூடிக்கொண்டது.

கதவுக்கு வெளியே இருந்த மீட்டரின் முகத்தில் 20.9 சதவீதம், சாதாரணக் காற்றின் ஆக்சிஜன் அளவு. கண்ணாடிக்குள் அவர் முதுகு. சுவிட்சைத் தேடிக்கொண்டே, அவளுக்குக் கேட்கும் என்ற நினைப்பில் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். ஓசையில்லாமல் வாய் மட்டும் அசைந்தது. உள்ளே சீறல் உரத்தது. விட்டுவிட்டு அல்ல. இப்போது ஒரே சீராக.

18.2.

சிவப்பு விளக்கு அணைவதை நிறுத்தியது. எரிந்தபடி நின்றது.

15.6. மூச்சு முட்டாது. இருமல் வராது. நைட்ரஜன் அப்படித்தான். ஆளுக்கே தெரியாது.

திரையில் 'பெயர்?'

ஏதாவது ஒரு பெயர். பெயர்கூட வேண்டாம், எண்டர் போதும். எழுந்து பத்தடி நடந்தால் கதவே இருக்கிறது. கால் எழவில்லை. பயத்தாலா? இல்லை. பயம் இருந்தது; அதற்கு அடியில் வேறொன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கவனக்குறைவு, என்றது அது.

12.8. தலைவர் சுவிட்சை விட்டுவிட்டார். கண்ணாடிப் பக்கம் திரும்பினார். விரலை ஆட்டி ஏதோ அதட்டினார். பாதியில் சிரித்தார். குழந்தை மாதிரி.

அவள் கை விசைப்பலகைக்குப் போனது.

எண்டரின் மேல் விரல்.

ஈர இரும்பின் வாசனை. முதலில் மணிக்கட்டில் குளிர்ந்தது. பிறகு புறங்கையில். அவள் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவர் கன்னம் ஒட்டி, மெதுவாகக் கீழே வழுக்கியது. இன்னும் சிரித்தபடி.

9.1.

குனிந்து பார்த்தாள்.

அவள் கைமேல் ஒல்லியான ஒரு கை. முழங்கைக்கு மேல் எதுவுமில்லை. நகங்களில் உறைபனி. அது அவள் கையை அழுத்தவில்லை. பிடிக்கவுமில்லை. அவள் நினைத்திருந்தால் விரலை இறக்கியிருக்கலாம். அதற்கும் அது தெரிந்திருந்தது.

அவள் இறக்கவில்லை.

அழுத பிள்ளையைத் தூங்கவைப்பது போல, அந்தக் கை அவள் புறங்கையை மெல்லத் தட்டிக்கொடுக்கத் தொடங்கியது.