பதினைந்தடி ஆழத்தில் ஒரு நடனம்

"அந்த மெமரி கார்டு எனக்கு வேணும்ணே! ஆனா குவாரித் தண்ணியில யாரும் கால் வைக்கக் கூடாது."

தன் வீட்டு வாசலில் வந்து நின்று மதிவதனி இப்படிச் சொன்னபோது இசக்கிராஜாவால் தலை நிமிர முடியவில்லை. அவள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவன் அவன்தான். தென்காசிப் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்றில், கல்யாணம் முடிந்த கையோடு ஜோடியைப் படம் எடுக்கும்போது அவனுடைய டிரோன் பாறையில் மோதித் தண்ணீரில் விழுந்தது. அதற்குச் சற்று முன்புதான் அவள் அப்பா சங்கரபாண்டியன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தனியாக ஒரு ஆட்டம் போட்டிருந்தார். இசக்கி அதைத் திரையில் பார்த்து மதிவதனியிடம் சொல்லியிருந்தான்; பதிவு இருந்தது டிரோனின் மெமரி கார்டில் மட்டுமே!

பத்தே நாளில் பக்கவாதம் அவரைச் சாய்த்து இடது பக்கத்தை முடக்கியது. இப்போது பயிற்சி செய்யச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அந்த ஆட்டத்தைக் காட்டினால் மனம் மாறுவார் என்பது மதிவதனியின் நம்பிக்கை. இசக்கியோ படத்தைத் தொலைத்த வெட்கத்தில் ஒரு மாதமாக அவர்கள் தெருப் பக்கமே போகவில்லை.

"ரிமோட்ல ஓடுற குட்டி நீர்மூழ்கியை இறக்குவோம்!" என்றாள் அவன் தங்கை உமையாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவள்.

மூவரும் மதுரைக்குப் போனார்கள். மாடல் நீர்மூழ்கிகளைச் சேர்த்து வைத்திருந்த ஒருவர் மூன்றைக் காட்டினார். கலர் விளக்குகள் மின்னிய ஒன்றை இசக்கி ஆசையாகத் தூக்கினான்.

"கீழ வை! அந்த ரிமோட் சிக்னல் தண்ணிக்குள்ள ஒரு அடி போனாலே செத்துரும்," என்றாள் உமையாள்.

பளபளத்த ஐந்தடிப் போர் நீர்மூழ்கி மாடலும் வேண்டாம், பாறை இடுக்கில் திரும்பாது. அவள் கை வைத்தது, கீறல் விழுந்த இரண்டடிச் சாம்பல் நிறக் குண்டன்மேல். பழைய ரக ரேடியோ, நல்ல தண்ணீரில் ஆழம்வரை கேட்கும். தண்ணீர் நிரப்பினால் மூழ்கும் தொட்டி உண்டு. சிக்னல் அறுந்தால் தொட்டியைத் தானே காலி செய்து மேலே வந்துவிடும்.

மொட்டைமாடித் தொட்டியில் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. கசிகிறதா என்று பார்க்க அதன் வயிற்றுக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்து மூழ்கடித்தார்கள். பேப்பர் நனைந்திருந்தது! மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றிக் கிரீஸ் தடவினார்கள். மூக்கு தூக்கி நின்றதால் மீன்வலை ஈயக்குண்டுகளை முன்னால் ஒட்டினார்கள். படம் கரையிலுள்ள திரைக்கு வர, அதில் பொருத்திய கேமராவின் மெல்லிய ஒயரை மேலே ஒரு மிதவையில் கட்டினார்கள். மூக்கில், இழுத்தால் கழன்றுகொள்ளும் கொக்கி, கொக்கியிலிருந்து கரைவரை நைலான் நூல்.

ஊராட்சியில் அனுமதி வாங்கி, ஒரு காலையில் குவாரியில் இறக்கினார்கள். பத்தடி... பதினைந்தடி... திரையில் ஒரு கல்திட்டு தெரிந்தது. அதன் விளிம்பில் டிரோன்! அதற்கப்பால் அறுபதடிப் பள்ளம்.

"மெதுவாண்ணே! இடிச்சா உள்ள போயிரும்!"

இசக்கி ரிமோட்டின் குச்சியை மெல்லத் தள்ளினான். கொக்கி உரசியதும் டிரோன் பாதி சரிந்தது. மதிவதனி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மூச்சைப் பிடித்து, நீர்மூழ்கியைப் பின்னால் இழுத்து, கீழ்ப்பக்கமாகச் சுற்றிவந்து மறுபடி குத்தினான். அதற்குள் படம் அணைந்தது. சிக்னல் போய்விட்டது!

"மாட்டுச்சா?"

"தெரியலையே!"

குபுக்கென்று குமிழிகள். சாம்பல் குண்டன் மேலே வந்து மிதந்தது. மூக்கிலிருந்து கொக்கி கழன்றிருந்தது, நூல் மட்டும் கீழே விறைப்பாக நின்றது. மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். பாசி படிந்த டிரோன் கரையேறியபோது மதிவதனி போட்ட கூச்சலில் பாறைப் புறாக்கள் பறந்தன!

காயவைத்த கார்டு மூன்றாம் நாள் உயிர்பெற்றது. கட்டிலருகே செல்போனை நீட்டினாள் மதிவதனி. இசக்கி கதவோரம் நின்றான்.

"நான் எங்கட்டி ஆடினேன்? பொய் சொல்லாத!" என்று குழறினார் சங்கரபாண்டியன். பிறகு பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிய மனிதர் ஒருவர் பாறைமேல் சுற்றிச் சுற்றி ஆடினார்.

"மகளக் கட்டிக்குடுத்த சந்தோசம்... யாரும் பாக்கலன்னு நெனச்சேன்," என்று சிரித்தார். அடுத்த நிமிடம் முகம் சுளித்தார். "இடது கால அங்க தப்பா வச்சிட்டேன்."

போர்வைக்குள் அவருடைய இடது பாதம் தாளத்தைத் தேடி லேசாக அசைந்தது.

அவர் படுத்த முதல் நாளே வந்து நின்றிருக்கலாமே என்று இசக்கிக்குத் தோன்றியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை படத்தைப் போடட்டுமா ஐயா?" என்றான்.