சாக்குக்குள் மூச்சு

1957ஆம் வருஷம். இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துச் சாக்குக் கட்டுவது என் வேலை.

அன்று சாக்குகள் போதவில்லை. கொழுந்தைக் காலால் மிதித்து மிதித்து அடைத்தேன். லொறி வரும் வழியில் மரம் விழுந்துவிட்டது. வர ரெண்டு மணி நேரமாகும் என்றார்கள். வெயில் படாமல் சாக்குகளைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினேன்.

கொழுந்து பறிக்கும் ராக்காயியின் மகள் பூரணி ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்குச் சோறு கொண்டு வந்தவள், விளையாட்டாக ஒரு சாக்குக்குள் கையை விட்டாள்.

“மாயாண்டி மாமா, உள்ளே சுடுது!”

“வெயில்ல கிடந்தது. சுடாம?”

“வெயில் சூடுன்னா மேலதானே சுடணும்? மேல சில்லுன்னு இருக்கே.”

முழங்கை வரை விட்டுப் பார்த்தேன். சோற்றுப் பானை ஆவி மாதிரி இருந்தது. கொழுந்து வெந்து சிவந்தால் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், எடுக்க மாட்டார்கள். நாற்பது பெண்களின் காலை உழைப்பு. என் வேலையும் போகும்.

“இலை மூச்சு விடுது மாமா. வாத்தியார் சொன்னாரு.”

“கிள்ளினது செத்துப் போச்சு. மூச்சு எங்கேருந்து? உங்க வாத்தியாருக்கு வேற வேலையில்ல.”

“உடனே சாகாது மாமா. செடியில இருக்கயில, காத்தையும் தண்ணியையும் வச்சு வெயில்ல இலை சமைக்குது. வெளிச்சம் இல்லன்னா சமையல் இல்ல. ஆனா மூச்சு ராப்பகலா நடக்கும். சமைச்சதைத் தின்னு மூச்சு விடயில சூடு வரும். சாக்குக்குள்ள இருட்டு. சமையல் நின்னுபோச்சு, தீனி நிக்கல!”

“ம்.”

“நம்ம வீட்டுக் காம்பிராவுல எட்டுப் பேரு கதவைச் சாத்திப் படுத்தா புழுங்கலையா?”

படித்தவர் பேச்சை நான் நம்புகிறவனில்லை. என் கையை நம்பாமல் இருக்க முடியுமா?

“இப்ப என்ன செய்ய?”

“அவுத்து நிழல்ல பரப்புங்க. காத்துப் படட்டும்.”

“வாடிடுமே!”

ராக்காயி சிரித்தாள். “ஸ்டோர்லயும் முதல்ல வாட்டத்தானே போடுறாங்க? கட்டை அவுருங்கண்ணே!”

பெண்கள் இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணிகளை அவிழ்த்துத் தரையில் விரித்தார்கள். கொழுந்தை மெல்லிசாகப் பரப்பினோம். பூரணி ஓடி ஓடிக் கிளறிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் சூடு தணிந்தது.

லொறியில் ஸ்டோரை நடத்தும் ஐயாவே வந்துவிட்டார். ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தார்.

“ஒண்ணுகூட சிவக்கலையே! கெட்டிக்காரன்யா மாயாண்டி.”

பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. “மிதிச்சு அடைச்சவன் நான் ஐயா. காப்பாத்தினது இந்தப் பிள்ளை.”

அதுவரை யாருக்கும் நன்றி சொன்னவனில்லை நான். அன்று நாற்பது பெண்களும் கேட்க, பூரணிக்குச் சொன்னேன். அவள் வாத்தியாருக்கும் சேர்த்துத்தான்.