சமையலறைக் குழாயில் மட்டும் வந்த தண்ணீர்

நேற்று இரவிலிருந்து தெருவில் யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை. அவன் வீட்டுச் சமையலறைக் குழாயில் மட்டும் வந்திருக்கிறது.

"வர்றப்பவே புடிச்சு வெச்சுட்டேன்," என்றாள் மனைவி, தரையில் வரிசையாக நிரம்பியிருந்த பாத்திரங்களைக் காட்டி. "பக்கத்து வீட்டு அக்கா, எதிர் வீட்டுக்காரங்க எல்லாருக்கும் குடுத்தேன். லேசா இனிக்குதுங்க. உங்க பொண்ணு டம்ளர் டம்ளரா குடிக்கிறா."

அவளுக்கு நாக்கு குழறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு காரணமில்லாமல் சிரித்தாள்.

அவன் காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றான். வெளியே பனி இறுகிக் கிடந்தது. உள்ளேயும் கதகதப்பு இல்லை, சுவரோரம் ஓடும் ஹீட்டர் குழாய்களில் எப்போதும் கேட்கும் அந்த மெல்லிய முணுமுணுப்பும் இல்லை, சமையலறைப் பக்கமிருந்து ஒரு சொட்டு, சற்று நேரம் கழித்து இன்னொரு சொட்டு, அவ்வளவுதான் கேட்டது. காலையில் அவனும் இந்தக் குழாயில்தான் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனான். மத்தியானத்திலிருந்து தலை சுற்றியதை வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தான்.

அவன் வீடுகளுக்கு ஹீட்டர் மாட்டுகிறவன். "ஊருக்கெல்லாம் சூடு குடுப்பாரு, சொந்த வீட்டுல விறைச்சுச் சாகணும்" என்று மனைவி இடித்துக்கொண்டே இருந்ததால்தான் நேற்று லீவு போட்டுச் சொந்த வீட்டு வேலையில் இறங்கினான். குழாய்க்குள் உறையாமலிருக்கத் தண்ணீரோடு கிளைக்கால் என்ற ரசாயனத்தைக் கலக்க வேண்டும். ஆளைக் கொல்லாத வகை கடையில் தீர்ந்துவிட்டது. கார் ரேடியேட்டரில் ஊற்றும் வகைதான் இருந்தது, சாயம் கலக்காத டிரம். ஹீட்டர் தண்ணியை யாரு குடிக்கப் போறாங்க என்று வாங்கி வந்தான்.

சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தான். ஹீட்டரில் தண்ணீர் நிரப்பக் குடிநீர்க் குழாயோடு இணைத்த ரப்பர் ஹோஸ் அப்படியே இருந்தது. இரண்டு முனையிலும் வால்வு திறந்திருந்தது. அடுத்தவர் வீட்டில் நிரப்பி முடித்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றுவான். நேற்று சாப்பிடக் கூப்பிட்டார்கள்; வந்து கழற்றிக்கொள்ளலாம் என்று எழுந்து போனான்.

ஹீட்டரின் அழுத்தம் காட்டும் முள் அடியில் படுத்திருந்தது. தெருக்குழாய் காலியானதும் ஹீட்டர் தன் வயிற்றிலிருந்ததை எல்லாம் சமையலறைக்குத் தள்ளியிருக்கிறது.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நிறம் இருக்காது, வாசனை இருக்காது, இனிக்கும். முதலில் குடிபோதை மாதிரி. அப்புறம் தெளிந்த மாதிரி. அப்புறம் சிறுநீரகம் போய்விடும். சீக்கிரமாக மாற்றுமருந்து ஏற்றினால் பிழைக்கலாம்.

சீக்கிரமாக. கடவுளே, சீக்கிரமாக.

போனை எடுத்தான். எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

"ஆம்புலன்ஸ்... விஷம்... என் பொண்ணு..." வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"சார், நீங்க போதையில இருக்கீங்க. தெளிவா பேசுறவங்க யாராவது இருந்தா குடுங்க."

மனைவி பாத்திரங்களுக்கு நடுவே சரிந்து கிடந்தாள். மூச்சு வேக வேகமாக வாங்கியது. மகள் தள்ளாடி வந்து போனைப் பிடுங்கி, அதில் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, இணைப்பைத் துண்டித்தாள்.

"அப்பா, வீடு ஊஞ்சல் ஆடுது."

பக்கத்து வீடு. அங்கே போக வேண்டும். கால் நிற்கவில்லை. தவழ்ந்தான். கதவுப்பிடி கைக்குச் சிக்கியது. இழுத்தான்.

பனிக்காற்று. இருட்டு. சிரிப்புச் சத்தம்.

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றாள். பின்னால் அவள் கணவர். எதிர் வீட்டுக்காரர்கள், அவர்கள் குழந்தைகள். யாருடைய உடம்பிலும் ஸ்வெட்டர் இல்லை. எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் காலிப் பாத்திரம்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா தம்பி? பசங்க கேக்குறாங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு அசையவில்லை.

மகள் அவனைத் தாண்டிப் போய், நிரம்பிய பாத்திரத்தில் டம்ளரை முக்கி, முன்னால் நீண்டிருந்த சின்னக் கிண்ணத்தில் சிந்தாமல் ஊற்றினாள்.