ஆள் வருது

சார்ஜரைச் செருகக் குனிந்த சியூ வென் நிமிர்ந்தபோது, மேசையின் நடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது.

குனிவதற்கு முன் அந்த மேசை காலி. இதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. ஒரு காலி மேசைக்காகத்தான் காலை எட்டரை மணியிலிருந்து வளாகம் முழுக்க அலைந்திருந்தாள். பொறியியல் கட்டடத்தின் கீழ்த்தளத் தாழ்வாரம் இருபுறமும் நீளமாகத் திறந்து கிடந்தது. யாராவது வந்து வைத்துவிட்டுப் போயிருந்தால் செருப்புச் சத்தமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்டதெல்லாம் கடைக்கோடியில் குளிர்பான இயந்திரத்தின் உறுமல், அதற்கு அடியில் கொதிக்கும் கெண்டியின் மூக்கிலிருந்து வருவதுபோல் மெல்லிய ஒரு சீழ்க்கை.

பச்சை உறை. மேலே மூங்கில் படம். ஒரு மூலை கிழிந்து, தாள் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டாள். ஈரம்.

பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, சிங்கப்பூரில் டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். சாப்பாட்டுக் கடையோ கல்லூரியோ, பாக்கெட் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் வருது என்று அர்த்தம். எவ்வளவு பசியிலும் எவ்வளவு கூட்டத்திலும் அதை நகர்த்த ஒரு கை நீளாது. சியூ வென்னும் பழக்க தோஷத்தில் புத்தகங்களை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை புள்ளியியல் தேர்வு. ஏப்ரலில் தோற்ற அதே பாடம். இந்த முறையும் தோற்றால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவோம் என்று கடிதம் வந்துவிட்டது. வீட்டில் படிக்க வழியில்லை. இரண்டு அறை வீட்டில் ஓர் அறை அண்ணன் குடும்பத்துக்கு. இன்னொன்றில் அம்மாவும் கூட்டாளிகளும் மாஜோங் சூதாட்டக் கட்டைகளைக் கடகடவென்று உருட்டிக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூன்று நாள். இன்று செவ்வாய்.

கேன்டீனில் கோழிச்சோற்றுக் கடைக்குப் பின்னால் தூண் மறைவில் ஒரு மேசை உண்டு. பலருக்குத் தெரியாது. போய்ப் பார்த்தாள். பச்சை உறை. மூங்கில் படம். கிழிந்த மூலை.

"ஏன் லா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" குளிர்ந்த தேத்தண்ணியை உறிஞ்சியபடி வந்து நின்றாள் ஹஸ்லினா. முதல் வருடத்திலிருந்து கூடப் படிப்பவள்.

"உக்காரலாம்னு வந்தேன். ஆள் வருதாம்."

"அப்ப வேற இடம் பாரு. ஒரு மேசைக்கு இவ்வளவு சோகமா? காதலன்கூட இப்படிப் போனா நீ அழ மாட்ட."

"எடுத்துப் போட்டுட்டு உக்காந்தா என்ன?"

ஹஸ்லினா உறிஞ்சுவதை நிறுத்தினாள். "ஒருத்தங்க வச்சத எடுக்கறதா? உங்கம்மா உன்னை வளத்தாங்களா, இல்ல மாஜோங்ல பந்தயமா வச்சுத் தோத்துட்டாங்களா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சியூ வென்னுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் ஒருமுறை எடுத்திருக்கிறாள்.

நூலகத்தின் நான்காம் மாடி, சன்னலோரம், பதினேழாம் மேசை. வெளிச்சம் இடது தோள்வழியாக விழும். குளிர்சாதனக் காற்று நேராக முகத்தில் அடிக்காது. வளாகத்திலேயே படிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏப்ரல் முழுக்க அதைக் கா யான் என்ற முதல் வருடப் பெண் பிடித்து வைத்திருந்தாள். ஒல்லியான பெண், நாலு படி ஏறினால் மூச்சு சீழ்க்கையடிக்கும். தேர்வுக்கு முந்தைய நாள் சியூ வென் போனபோது நாற்காலி காலியாக இருந்தது. மேசையில் பச்சை உறை டிஷ்யூ பாக்கெட், தண்ணீர்ப் புட்டி, நீல நிறப் பை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் எடுக்கலாம் என்று அறிவிப்புப் பலகை சொன்னது. அவள் காத்திருந்தது பத்து நிமிடம். பிறகு எல்லாவற்றையும் அள்ளி, தூரத்தில் நின்ற புத்தக வண்டியின் அடித்தட்டில் திணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கா யான் திரும்பி வந்தாள். "அக்கா, இங்க ஒரு நீலப் பை இருந்துச்சே, பாத்தீங்களா?"

"நான் பாக்கல."

"அதுல என் இன்ஹேலர் இருக்கு, அக்கா."

அப்போதாவது கையை நீட்டி வண்டியைக் காட்டியிருக்கலாம். காட்டினால் எழுந்திருக்க வேண்டும். சியூ வென் இயர்போனை மாட்டிக்கொண்டாள். அந்தப் பெண் மேசை மேசையாகக் குனிந்து பார்த்ததும், அவளுடைய சீழ்க்கை ஏறிக்கொண்டே போனதும், தொலைந்த பொருள் பிரிவுக்குப் போக மாடிப்படிக் கதவைத் தள்ளியதும் ஓரக்கண்ணில் தெரிந்தன. லிஃப்டில் கூட்டம். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் அவளைக் கண்டெடுத்தார்கள். அதற்குள் மூச்சு நின்றிருந்தது.

பையை யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்த மேசையில் அன்று படித்ததில் ஒரு வரியும் சியூ வென்னின் மண்டையில் நிற்கவுமில்லை.

புதன்கிழமை குளக்கரைப் பெஞ்சில் பாக்கெட் இருந்தது. எதிர்ச்சாலைக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் வரைந்த கல்மேசையில் இருந்தது. பர்கர் கடையின் மாடியில், ரயில் நிலையத்தை ஒட்டிய பொது நூலகத்தில், எங்கே போனாலும் அவளுக்கு ஓர் அடி முன்னால் போய்க் காத்திருந்தது. பிற்பகலில் பூட்டாத விரிவுரைக் கூடம் ஒன்று கிடைத்தது. இருநூறு இருக்கைகள், ஓர் ஈ இல்லை. கடைசி வரிசையில் பாக்கெட்.

அவளுக்கு ஆத்திரம் வந்தது. எடுத்துக் குப்பைத் தொட்டியில் வீசிவிட்டு உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்தாள். இருக்கைகளின் பழைய துணி வாடையோடு மருந்து நெடி ஒன்று கலந்து வந்தது. எங்கோ முன்வரிசையில் சீழ்க்கை. இழுத்து விடும் சீழ்க்கை. அவள் மூச்சைப் பிடித்துக் கேட்டாள், அதுவும் நின்றது. அவள் விட்டாள், அதுவும் விட்டது. கணிப்பானை எடுக்கப் பேனாப் பையைத் திறந்தபோது விரலில் ஈரம் பட்டது. பச்சை உறை.

அன்று மாலை வீட்டுக்குப் போனால், அவளுடைய தலையணையின் மேல் இருந்தது.

"இதை யார் இங்க வச்சது?"

அம்மா கட்டைகளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாரோ இடம் பிடிச்சிருக்காங்க போல. நீதான் இந்த வீட்டுல தங்கறதே இல்லையே."

கூட்டாளிகள் சிரித்தார்கள். சியூ வென் அன்று சுவரோரம் தரையில் சாய்ந்துகொண்டாள். கண்ணை மூடவில்லை.

வியாழன் பிற்பகல் மூன்று மணி. வெளியே நவம்பர் மழை கண்ணாடியைத் தடவி வழிந்துகொண்டிருந்தது. நூலகத்தின் ஐந்து மாடிகளிலும் ஊசி குத்த இடமில்லை. தரையில், புத்தக அடுக்குகளின் நடுவில்கூட மாணவர்கள் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்தார்கள். தேர்வுக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம். அவள் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

நான்காம் மாடி. சன்னலோரம். பதினேழாம் மேசை காலி.

பாக்கெட் இல்லை. சியூ வென் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். பையை உதறினாள். பேனாப் பையைக் கொட்டினாள். எங்கும் இல்லை. ஏழு மாதமாக ஒதுங்கிப் போன இடம்தான். ஆனால் உலகத்தில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றே. உட்கார்ந்தாள். வெளிச்சம் இடது தோள்வழியாக வந்து நோட்டில் விழுந்தது. முதல் கணக்கைப் போட்டாள். விடை சரி. இரண்டாவதும் சரி. கண்ணில் நீர் திரையிட்டது. தேறிவிடலாம் என்று முதன்முறையாக நினைத்தாள்.

மூன்றாவது கணக்கில் சீழ்க்கை கேட்டது.

பக்கத்து மேசையில் தொப்பி போட்ட மாணவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முகம் சுளித்தான். இயர்போனை அழுத்திக்கொண்டு திரும்பிவிட்டான்.

அவன் ஏன் தன்னைப் பார்க்க வேண்டும்?

சீழ்க்கை பின்னாலிருந்து வரவில்லை. முன்னாலிருந்தும் வரவில்லை. அவள் வாயை மூடினாள். நின்றது. திறந்தாள். அவள் தொண்டையிலிருந்துதான் வந்தது.

மார்பில் குளிர்ச்சி. குனிந்து பார்த்தாள். சட்டைப் பையில் பச்சை உறை துருத்திக்கொண்டிருந்தது. ஈரம் துணியில் பரவி, தோலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எடுக்கக் கையைத் தூக்கப் பார்த்தாள். கை எழவில்லை.

காதோரம், மிக மரியாதையாக, ஒரு குரல்.

"அக்கா. இங்க ஆள் வருது."

காற்று உள்ளே போக மறுத்தது. உறிஞ்சுகுழல் அளவு துளை. அப்புறம் ஊசி அளவு. மேசையைத் தட்ட நினைத்தாள். விரல் அசையவில்லை. பக்கத்தில் நாற்பது பேர். நாற்பது குனிந்த தலைகள். யாராவது நிமிருங்கள். யாராவது.

லிஃப்ட் கதவு திறந்து ஹஸ்லினா வந்தாள். அடுக்குகளுக்கு நடுவே கண்ணை ஓட்டினாள். நேராக இங்கே பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இங்கதான் இருக்கியா? மூணு மாடி தேடிட்டு வரேன் லா."

காப்பாற்று, ஹஸ்லினா. சொல்ல வாய் இல்லை.

நோட்டு மூடியது. அவள் கைதான் மூடியது. அவள் மூடவில்லை. பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, நீளம் பார்த்து அடுக்கி, பைக்குள் வைத்தது அந்தக் கை. சியூ வென் அப்படி ஒருநாளும் அடுக்கியதில்லை.

பிறகு அவள் எழுந்தாள். சியூ வென் எழவில்லை.

நாற்காலியில் இருந்தபடியே தன் முதுகைப் பார்த்தாள். தன் தலைமுடியை. தன் தோளில் தன் பை ஏறுவதை.

"என்ன, முகமெல்லாம் இப்படி வெளுத்துக் கிடக்கு?" ஹஸ்லினா அந்த உடம்பின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சாப்பிட்டியா? வா, கீழ போய் எதாவது வாங்கித் தரேன். படியில இறங்கிடலாம், லிஃப்ட்டு வர நேரமாகும்."

"படி வேண்டாம்." சியூ வென்னின் குரல்தான். ஆனால் அது பணிவாகப் பேசியது. "லிஃப்ட்டுலயே போலாம். எனக்கு அவசரம் இல்ல."

சீழ்க்கை நின்றிருந்தது. மழை கண்ணாடியில் வழிந்தது. தொப்பி மாணவன் தலையைத் தூக்கி, பதினேழாம் மேசையைப் பார்த்தான். காலி நாற்காலி. தன் பையை எடுத்துவந்து அதன்மேல் வைத்தான், அவள் மடியின்மேல், அவள் மார்பின்மேல், எந்தக் கனமும் இல்லாமல் அது உள்ளே இறங்கியது.

லிஃப்ட் கதவுகள் மூடத் தொடங்கின. இடுக்கில் அவளுடைய முகம் அவளை நேராகப் பார்த்தது. மூக்கு விடைத்தது. தோள்கள் உயர்ந்தன. அந்த முகம் கண்ணை மூடி, அவசரமே இல்லாமல், நெஞ்சு நிறைய, அடிவயிறுவரை, நீளமாக, மிக நீளமாக, மூச்சை இழுத்துக்கொண்டேயிருந்தது.