முகம் வரையாத உடை

படத்தின் கண்ணாடியில் இருந்த அந்தக் கறை மூன்றாம் தடவை துடைத்தும் போகவில்லை. ஷ்யாமளா கிட்டே போய்ப் பார்த்தாள். சிவப்பாக ஒரு விரல் தடம். கண்ணாடியின் உள்பக்கம் இருந்தது.

பிரின்ஸ்டனில் யாரோ இறந்துபோன வீட்டில் சாமான்களை விற்றபோது, அவள் கணவன் பத்மநாபன் வாங்கி வந்த படம் அது. பதினெட்டாம் நூற்றாண்டு, சிவப்புச் சாக்குக்கட்டியால் வரைந்தது. வேறொரு ஓவியர் தீட்டிய சீமாட்டியின் படத்தைப் பார்த்து, உடையை மட்டும் யாரோ பிரதி எடுத்திருந்ததாகப் பின்னட்டையில் எழுதியிருந்தது. பட்டின் மடிப்பு ஒவ்வொன்றும் அவ்வளவு துல்லியம். கழுத்துக்கு மேலே முகம் இல்லாமல் வெறும் முட்டை வடிவக் கோடு. கைகளே இல்லை. உடையை விரும்பியவனுக்கு அவள் தேவைப்படவில்லை. சென்னை ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்திய ஷ்யாமளா, மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்த நாலு வருஷத்தில் பென்சிலையே தொட்டதில்லை.

1998 பிப்ரவரி. அன்று காலை ஷூ மாட்டிக்கொண்டே பத்மநாபன் சொன்னான்: "ஈவ்னிங் மேனேஜர் வீட்ல டின்னர். மெரூன் பட்டு கட்டிக்கோ. போன தடவை அவர் வைஃப் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்களே."

"என் பேர் என்னன்னு கேட்டாங்களா?"

"ஆரம்பிச்சுட்டியா?"

"அந்த ஆர்ட் கோர்ஸுக்கு அப்ளை பண்ணட்டுமான்னு கேட்டேனே…"

"கிரீன் கார்டு வரட்டும்னு எத்தனை தடவை சொல்றது?"

கார் போய்விட்டது.

பகல் முழுக்கப் பனி கொட்டியது. ஹீட்டர் பெருமூச்சு விட்டு ஓய்ந்த இடைவெளிகளில், மாடிப்படியில் கனமான பட்டு தரையை உரசிக்கொண்டு இறங்குவதுபோல ஒரு சரசரப்பும், அதன் பின்னாலேயே நனைந்த செங்கல்லின் வாசனையும் வந்து, அவள் திரும்பிப் பார்த்ததும் இரண்டும் நின்றுபோயின. நாலு மணிக்கே வெளிச்சம் சாம்பலானது. படத்தருகே போனாள்.

உடையின் கைநுனி லேஸுக்குக் கீழே இப்போது விரல்கள் இருந்தன.

பார்த்துப் பழகிய கண் அவளுடையது. இது எந்தப் படத்தையும் பார்த்து எடுத்த கை இல்லை. உயிருள்ள கையைப் பார்த்து வரைந்தது. நடுவிரல் ஓரத்தில் பென்சில் பிடித்துப் பிடித்துக் காய்த்த சின்ன மேடு.

தன் நடுவிரலைத் தடவினாள். இருபது வருஷ மேடு. காணோம். வழவழவென்றிருந்தது.

படத்தைக் கழற்றிக் குப்பைப் பையில் திணித்து, முடிச்சுப் போட்டு, கோட்டுகூட மாட்டாமல் பனியில் ஓடி, பொதுக் குப்பைத் தொட்டியில் வீசினாள். பை விழுந்தது. சத்தமே இல்லை. உள்ளே ஒன்றும் இல்லாததுபோல.

திரும்பும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. பத்மநாபனின் கார் நின்றிருந்தது. பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தாள். ஹாலில் அவன் குரல்.

"வாவ்! இன்னிக்குத்தான் சொன்ன டயத்துக்கு ரெடியா இருக்கே."

போனில் பேசுகிறானா? எட்டிப் பார்த்தாள்.

மெரூன் பட்டு நின்றிருந்தது. மடிப்புக் கலையாமல். நிமிர்ந்து. ரவிக்கைக்கு மேலே சிவப்பில் ஒரு முட்டைக் கோடு. அதன் வழியே பின்சுவர் தெரிந்தது.

"என்னங்க!"

நிமிர்ந்தான். நேராக அவள் பக்கம் பார்த்தான்.

"கிச்சன் லைட்டை ஆஃப் பண்ணலையா?"

வந்தான். அவள் தோளை உரசிக்கொண்டு போய் ஸ்விட்சை அணைத்தான். உரசியது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். துணி அசையவில்லை. கத்தினாள். ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் ஹாலுக்குத் திரும்பினான். சந்தோஷமாக இருந்தான். கல்யாணமான புதிதில் இருந்ததுபோல.

"சண்டை போடாம, பேசாம, இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கு! அடடா, பொட்டு வைக்க மறந்துட்டியே."

முகம் பார்க்கும் கண்ணாடி ஓரத்திலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்தான். முகவாயைப் பிடித்துத் தூக்குவதுபோலக் காற்றைப் பிடித்தான். குனிந்து, அந்த வெறுமைக்கு நடுவே கவனமாக ஒட்டினான்.

பொட்டு அங்கேயே நின்றது.